29824: ஆபரேஷன் நோட்டில் மி.மீ. இல்லை. உள்ளே எலும்பை எப்படித்தான் அளக்கிறார்கள்?

வேளச்சேரி நிலா:

வணக்கம். சென்னையில் அமெரிக்க ஆர்த்தோ சார்ட்களைக் காப்பீட்டு பில்லுக்காகக் கோட் செய்கிறேன். படித்தது பயோடெக். தோள்பட்டையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அனாடமி படங்களும் யூடியூப் வீடியோக்களும்தான், ஓ.டி. உள்ளே கால் வைத்தது கிடையாது. அதனால் கேள்வி கொஞ்சம் அடிப்படையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார்ட் இதுதான். ஆள், ஊர், மருத்துவமனை எதுவும் போடவில்லை. வலது தோள், மூன்று வேலையும் ஸ்கோப் (மூட்டுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக: சுழல்தசை நாண் கிழிந்ததைத் தைத்திருக்கிறார்கள், அக்ரோமியானின் (தோளின் கூரை போன்ற எலும்பு) அடியைச் சீவி டிகம்ப்ரஷன் (நெருக்கத்தைக் குறைப்பது) செய்திருக்கிறார்கள், காறை எலும்பின் வெளிநுனியை எடுத்திருக்கிறார்கள். நான் 29827 (நாண் தையல்), 29824 (காறை எலும்பு நுனி), 29826 (டிகம்ப்ரஷன்) போட்டேன். ஆடிட்டில் 29824-க்கு எரர் விழுந்துவிட்டது. காரணம் ஒரே வரி: எடுத்த எலும்பின் அளவு குறிப்பிடப்படவில்லை.

சர்ஜன் எழுதியிருப்பது இவ்வளவுதான்: காறை எலும்பின் நுனி பர் (சுழன்று எலும்பை அரைக்கும் கருவி) கொண்டு "தாராளமாக" எடுக்கப்பட்டது, மேல் விளிம்பும் பின் விளிம்பும் பார்க்கப்பட்டன, கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோனபோது எலும்புகள் உரசவில்லை.

என் எரிச்சல் என்னவென்றால், அதே நோட்டில் அக்ரோமியானுக்கும் எண் கிடையாது. "தட்டையாக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. அதை ஆடிட்டர் தொடவே இல்லை. ஒரு எலும்புக்கு ஸ்கேல் வேண்டும், ஒரு சாண் தள்ளிகூட இல்லாத பக்கத்து எலும்புக்கு வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

இன்னொன்று. இதே சர்ஜனின் வேறொரு சார்ட்டில் "1 செ.மீ. இடைவெளி உருவாக்கப்பட்டது" என்று இருந்தது, அது எந்தக் கேள்வியும் இல்லாமல் பாஸ். இடைவெளி 1 செ.மீ. என்றால் எடுத்த எலும்பும் 1 செ.மீ.தானா? தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன இடத்துக்குள் அளவு எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால், ஆடிட்டருக்கு எழுதும் மறுப்பான ரிபட்டலையாவது உருப்படியாக எழுதுவேன்.

---

பழைய பிசியோ:

நிலா, நானும் ஆடிட்டர்தான், வேறு நிறுவனம். திட்டாதீர்கள். கோடிங்குக்கு வருவதற்கு முன்னால் சில வருடம் பிசியோவாக இருந்தேன், அதனால் இந்த மூட்டைக் கையால் தொட்டும் தெரியும்.

சி.பி.டி. (இந்தக் கோட்களின் அமெரிக்கப் பட்டியல்) விளக்கத்தில் மில்லிமீட்டர் எதுவும் இல்லை என்பது சரி. 29824 என்றால் காறை எலும்பின் வெளிநுனியை, அதன் மூட்டுப் பரப்போடு சேர்த்து, ஸ்கோப் வழியாக எடுப்பது, மம்ஃபோர்ட் முறை. அவ்வளவுதான் வாசகம். 1 செ.மீ. என்பது எலும்பியல் பக்கத்திலிருந்து வந்து கோடிங் வட்டாரத்தில் நிலைத்துவிட்ட எண். ஒவ்வொரு டீமும் அதை 8 முதல் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டிருக்கிறது. பேயர்களும், அதாவது பணம் தரும் காப்பீட்டு நிறுவனங்களும், அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த எண் எதற்கு வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் நியாயம் புரியும். டிகம்ப்ரஷன் செய்யும்போது, காறை எலும்பின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் முள்ளையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். கோ-பிளேனிங் என்று நோட்டில் வரும். அதற்குத் தனிக் காசு கிடையாது, அது 29826-க்குள்ளேயே அடக்கம். ஆனால் அடியில் இருக்கிற முள்ளை மட்டும் தேய்த்துவிட்டு 29824 போட்ட சார்ட்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். நுனி முழுசாகப் போயிற்றா, அடிப்பக்கம் மட்டும் போயிற்றா என்று பிரித்துப் பார்க்க ஆடிட்டருக்குக் கையில் கிடைக்கிற ஒரே பிடி அந்த எண்தான். அக்ரோமியானில் இந்தக் குழப்பம் இல்லை. 29826-இன் விளக்கமே பகுதி அக்ரோமியோபிளாஸ்டி, அதாவது அக்ரோமியானில் ஒரு பகுதியைச் சீவுவது, என்றுதான் சொல்கிறது. எலும்பைச் சீவியது நோட்டில் தெரிந்தால் போதும்.

உங்கள் சார்ட்டுக்கு வருகிறேன். மேல் விளிம்பு, பின் விளிம்பு இரண்டையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். வெறும் கோ-பிளேனிங் செய்தவர் மேல் விளிம்பைப் பற்றி எழுத மாட்டார். நானாக இருந்தால் எரர் போட்டிருக்க மாட்டேன், சர்ஜனிடம் விளக்கம் கேட்கும் க்வெரிக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். அதே சமயம் "தாராளமாக" என்பதை ஒரு அளவாக நானும் ஏற்க மாட்டேன். ஒருத்தருக்குத் தாராளம் 5 மி.மீ., இன்னொருத்தருக்கு 12.

க்வெரியில் கவனம். "10 மி.மீ. எடுத்தீர்களா?" என்று கேட்டால் அது பதிலை வாயில் ஊட்டுவது, கம்ப்ளையன்ஸில் மாட்டும். "காறை எலும்பின் வெளிநுனி நீக்கத்தின் அளவையும், அது எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதையும் தெளிவுபடுத்தவும்" என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். அளக்கவில்லை என்று பதில் சொல்லவும் அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம், யாரும் கவனிக்காதது. ஆபரேஷனுக்கு முந்தைய டயக்னோசிஸில் ஏ.சி. மூட்டுத் (காறை எலும்பும் அக்ரோமியானும் சேரும் இடம்) தேய்மானம் இருக்கிறதா? விசிட் நோட்டில் அந்த மூட்டின் மேல் விரல் வைத்து அழுத்தினால் வலி, கையைக் குறுக்கே இழுத்தால் வலி என்று ஏதாவது இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மட்டும் தேய்மானம் என்று இருந்தால் போதாது. நடுத்தர வயதைத் தாண்டிய பாதிப் பேருக்கு அந்த ரிப்போர்ட்டில் அது வரும், வலியே இருக்காது. பிசியோவாக இருந்தபோது ஸ்கேனைக் கையில் பிடித்துக்கொண்டு பயந்து வருகிறவர்களை உட்காரவைத்து, முதலில் அந்த மூட்டை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பேன். பலர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. வலிக்கிற மூட்டு என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், நோட்டில் சரியாக 10 மி.மீ. இருந்தாலும் மருத்துவத் தேவை இல்லை என்று பேயர் தள்ளிவிடுவான்.

எப்படி அளக்கிறார்கள் என்பதை டாக்டர்கள் யாராவது சொல்லட்டும்.

---

மதுரை எலும்பு டாக்டர்:

பிசியோ அம்மா சொன்னது கோடிங்குக்குச் சரி. அறுவை பக்கத்தை நான் சொல்கிறேன். நீளமாகப் போகும்.

ஸ்கோப்பில் பார்த்துக் கண்ணளவாக மி.மீ. சொல்வதை நம்ப முடியாது. லென்ஸ் அகலக் கோணம், பார்வையும் 30 டிகிரி சாய்வு. லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது திரையில் பூதம் மாதிரித் தெரியும், ஸ்கோப்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் அதே பொருள் சுண்டிப்போகும். புதிதாக வரும் பி.ஜி. மாணவர்களிடம் திரையைக் காட்டி இடைவெளி எவ்வளவு என்று கேட்பேன். ஆளுக்கொரு பதில் வரும், அநேகமாக எல்லாமே உண்மையைவிடப் பெரிதாக இருக்கும்.

திறந்து செய்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மம்ஃபோர்டும் கர்டும் 1941-இல் தனித்தனியாக இந்த அறுவையை எழுதினார்கள். அந்த முறையில் அறுத்த துண்டு தட்டில் இருக்கும், ஸ்கேலை வைத்தால் முடிந்தது. இப்போது பர் எலும்பை மாவாக்கி, தண்ணீரோடு சேர்த்து சக்‌ஷன் பாட்டிலுக்கு அனுப்பிவிடுகிறது. எடுத்ததை அளக்க வழியே கிடையாது. எடுத்த இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இதுதான். கையில் இருக்கும் பர்ரின் விட்டம் தெரியும், உதாரணமாக 5.5 மி.மீ. முன்பக்கத் துளை வழியாக அதை விட்டு, காறை எலும்பின் நுனியில் பர் முழுசாகப் புதையும் வரை ஒரு பள்ளம் போடுவேன். பர்ரின் முதுகு மூட்டுப் பரப்போடு மட்டமானால் ஆழம் 5.5. அங்கிருந்து பாதி பர் அளவு இன்னும் உள்ளே போனால் 8 மி.மீ.யைத் தாண்டிவிடும். அந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு மீதியை முன்னிருந்து பின்னாக, கீழிருந்து மேலாக அதே மட்டத்துக்குக் கொண்டுவருவேன். முடிந்ததும் அளவுக் கோடு போட்ட ப்ரோபை (மெல்லிய கம்பி) இடைவெளியில் வைத்துப் பார்ப்பேன். ப்ரோப் எலும்பின் மேலேயே படிந்திருக்க வேண்டும். நடுவில் மிதந்தால் மறுபடியும் லென்ஸ் ஏமாற்றும்.

ஒரே இடத்தில் அளந்தால் போதாது. எங்கள் வழி முன்பக்கம், அதனால் முன்னால் தாராளமாகப் போய்விடும். பின் மேல் மூலையில் ஒரு ஓடு மாதிரி எலும்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். வழக்கமான பார்வையில் அது ஒளிந்துகொள்ளும். ஸ்கோப்பை வேறு துளைக்கு மாற்றினாலோ, 70 டிகிரி ஸ்கோப் போட்டாலோதான் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகும் அதே இடத்தில் வலி என்று திரும்பி வருகிறவர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மூலையைத்தான். முன்னால் 12, பின்னால் 2 என்று இருக்கும் தோளுக்கு "1 செ.மீ. எடுக்கப்பட்டது" என்று எழுதினால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? நிலா, உங்கள் சர்ஜன் மேல் விளிம்பும் பின் விளிம்பும் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாரே, மருத்துவமாகப் பார்த்தால் அந்த வரி எந்த எண்ணையும்விடப் பெரிய விஷயம்.

அதற்காக அள்ளிப் போட்டுவிடவும் முடியாது. அந்த மூட்டை மேலிருந்தும் பின்னிருந்தும் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்கள் காறை எலும்பின் நுனிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கின்றன. அளவு மீறினால் அவை போய், எலும்பு முன்பின்னாக ஆட ஆரம்பிக்கும். வலிக்காகப் போனவருக்குப் புது வலி.

இங்கேதான் கோடிங்கோடு எனக்கு ஒரு சண்டை. சடலத் தோள்களில் செய்த பரிசோதனைகளில், 5 மி.மீ. சீராக எடுத்தாலே எலும்போடு எலும்பு உரசாது என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு சர்ஜன் வேண்டுமென்றே 6 மி.மீ.யைச் சீராக எடுத்து நிறுத்தினால் அது நல்ல அறுவை. ஆனால் உங்கள் ஆடிட்டில் அது தோற்றுப்போகும். பின் மூலையை விட்டுவிட்டு "10 மி.மீ." என்று எழுதியவர் பாஸ் ஆகிவிடுவார்.

இப்போது உங்கள் "இடைவெளி" கேள்வி. நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றில்லை. அந்த மூட்டில் ஏற்கெனவே 1 முதல் 3 மி.மீ. வரை சந்து இருக்கும், தேய்ந்த மூட்டில் இன்னும் குறைவு. போதாததற்குச் சில பேர் அக்ரோமியான் பக்க முகத்தையும் லேசாகத் தேய்ப்பார்கள். ஆக முடிவில் 10 மி.மீ. இடைவெளி இருந்தால், காறை எலும்பிலிருந்து போனது 7, 8 ஆக இருக்கலாம். "1 செ.மீ. இடைவெளி" என்ற அந்த இன்னொரு சார்ட் உங்கள் டீமின் அளவுகோல்படி பாஸ் ஆனது கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

அக்ரோமியானுக்கு ஏன் எண் இல்லை என்றால், அங்கே இலக்கு வடிவம். சார்லஸ் நீர் என்ற சர்ஜன் 1972-இல் திறந்த முறையை எழுதியபோது குறி வைத்தது முன் கீழ் விளிம்பைத்தான். 1986-இல் பிக்லியானி தட்டை, வளைவு, கொக்கி என்று மூன்று வகையாகப் பிரித்தார். கொக்கியைத் தட்டையாக்க எத்தனை மி.மீ. வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கட்டிங் பிளாக் என்றொரு முறை உண்டு. ஸ்கோப்பைப் பக்கவாட்டில் மாற்றி, பர்ரைப் பின்னாலிருந்து விட்டு, அதன் தண்டை அக்ரோமியானின் பின்பாதியில் அழுத்திப் படியவைத்து முன்னால் தள்ள வேண்டும். தச்சர் இழைப்புளி தள்ளுவது போல. ஏற்கெனவே தட்டையாக இருக்கும் பின்பாதியே அங்கே ஸ்கேல். முன் விளிம்பில் டெல்டாய்டு தசையின் நார் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். அந்த எலும்பின் தடிமனே பலருக்கு 7, 8 மி.மீ.தான். அதில் பாதிக்குமேல் சீவிவிட்டால் பிறகு ஒருநாள் முறிந்து வந்து நிற்பார்கள். அதனால் முன்கூட்டியே அவுட்லெட் எக்ஸ்ரே (அக்ரோமியானைப் பக்கவாட்டில் காட்டும் படம்) எடுத்துத் தடிமனைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். நுனி ஒட்டாமல் தனித் துண்டாக இருக்கிறதா என்பதை ஆக்சிலரி (அக்குள் வழி) எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் பர்ரை எடுக்கவே யோசிக்க வேண்டும்.

சும்மா ஒரு தகவல். வலிக்காக டிகம்ப்ரஷன் மட்டும் செய்வதே பயனா என்று பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரை வைத்துப் பார்த்தார்கள், பின்லாந்தில் 210 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் 2018-இல் லான்செட்டிலும் பி.எம்.ஜே.யிலும் அச்சில் வந்தன. எலும்பைச் சீவியவர்களுக்கும், ஸ்கோப்பை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதன் பிறகு நான் அக்ரோமியானைத் தொடுவதே குறைந்துவிட்டது.

---

ஸ்க்ரப் சிஸ்டர்:

டாக்டர் ஒன்றை விட்டுவிட்டார். எங்கள் ஓ.டி.யில் ஒரு சீனியர் டாக்டர் ஸ்பைனல் ஊசி வைத்து அளப்பார். தோலுக்கு வெளியிலிருந்து ஒரு ஊசியைக் காறை எலும்பின் வெட்டிய முகத்தை ஒட்டி, இன்னொன்றை அக்ரோமியான் முகத்தை ஒட்டி இறக்குவார். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் மறுபடி குத்துவார். அப்புறம் "சிஸ்டர், ஸ்கேல்" என்பார். வெளியே இரண்டு ஊசிக்கும் நடுவில் ஸ்டெரைல் ஸ்கேலை வைத்து நான் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அனஸ்தீசியா டாக்டர் காதிலும் விழும், யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

பர் சைஸ் அதன் பேக்கெட் ஸ்டிக்கரில் இருக்கும், அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். அமெரிக்காவில் எப்படி என்று தெரியாது, அங்கேயும் சப்ளை லிஸ்ட் இருக்கும் அல்லவா? ஆனால் 5.5 பர் போட்டார் என்பதை வைத்து எத்தனை ஆழம் போனார் என்று நீங்களாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

---

வேளச்சேரி நிலா:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. விசிட் நோட்டைத் தேடிப் பார்த்தேன். ஏ.சி. மூட்டில் அழுத்தினால் வலி, குறுக்கே இழுத்தால் வலி, இரண்டும் இருக்கிறது. அந்த மூட்டில் ஊசி போட்டுக் கொஞ்ச நாள் நன்றாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை.

ஒரு சந்தேகம். ஆபரேஷன் முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன. இப்போது க்வெரி போனால் சர்ஜன் ஞாபகத்திலிருந்து "10 மி.மீ." என்று எழுதிவிட்டால்? அதை ஏற்கலாமா? ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே சார்ட்டில் இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் அளவு இல்லை.

---

பழைய பிசியோ:

அடெண்டம் (பிற்சேர்க்கை) என்று தலைப்பிட்டு, எழுதிய தேதியும் கையெழுத்தும் இருந்தால் ஏற்கலாம். பழைய நோட்டையே திருத்திவைத்தால் கூடாது. ஆனால் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்ட பிறகு, தொகைக்காகக் கேட்டு வாங்கியது போல் தெரிந்தால் பேயர் அதை மதிக்க மாட்டான். எந்த அடிப்படையில் அந்த எண் என்று சர்ஜன் ஒரு வரி சேர்த்தால் வலு. எக்ஸ்ரேயைப் பார்த்து நீங்கள் அளக்க வேண்டாம், அது கோடர் வேலை இல்லை. சர்ஜனோ ரேடியாலஜிஸ்ட்டோ அளந்து எழுத வேண்டும்.

---

மதுரை எலும்பு டாக்டர்:

அவர் எக்ஸ்ரேயில் அளப்பதாக இருந்தால் அது ஸாங்கா வியூவா என்று பாருங்கள். கதிரை 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து, டோஸைக் குறைத்து எடுப்பது. சாதாரணத் தோள் எக்ஸ்ரேயில் தோள்பட்டை எலும்பின் முகடு அந்த மூட்டின் மேல் விழுந்து மறைத்துவிடும், கதிர் அதிகமாகப் பட்டு மூட்டும் படத்தில் கறுப்பாகத் தெரியும். அளவுக் குண்டு (அளவு தெரிந்த உலோகக் குண்டு) வைத்து எடுக்காத படமானால் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே காட்டும். சிறந்தது, ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸாங்கா படம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பழைய சந்தைக் கழித்துக்கொள்வது. அப்போது வருவதுதான் எலும்பிலிருந்து போன அளவு.

---

வேளச்சேரி நிலா:

முந்தைய படமும் இருக்கிறது, ஸாங்காதான். க்வெரியில் அளவையும் அளந்த முறையையும் மட்டும் கேட்டு, இரண்டு படங்களின் தேதியையும் குறிப்பிட்டு இன்று காலை அனுப்பிவிட்டேன். பதில் வரும் வரை ரிபட்டலைத் திறந்தே வைத்திருக்க டீம் லீட் ஒத்துக்கொண்டார். 7 மி.மீ. என்று பதில் வந்தால் 29824-ஐ நானே எடுத்துவிடுவதா, நுனி முழுசாகப் போயிற்று என்று வாதாடுவதா என்பதை அப்போது இங்கேயே வந்து கேட்கிறேன்.

---

பழைய பிசியோ:

வாதாடுங்கள். விளக்கத்தில் எண் இல்லை என்பதை முதல் வரியாக எழுதுங்கள், மேல், பின் விளிம்பு வாசகத்தை இரண்டாவது வரியாக வையுங்கள். டிராஃப்ட் எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.